கம்பு கையில் இருப்பதே தெரியக்கூடாது

மாப்ளே,

இன்று காலை டிரைவிங் ஸ்கூல் காரின் டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், உன் பழைய கைலியில் சுற்றி வைத்திருந்த கோல்ஃப் கம்பிலிருந்து ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. நேற்று முழுக்க வண்டி வெயிலில் நின்றதில் கைப்பிடி லேசாக இளகியிருந்தது. வண்டி பழக வந்திருந்த பெண் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "சார், ஏதோ கருகுற மாதிரி இல்ல?" என்றாள். ஒன்றுமில்லை, ரப்பர்தான் என்று டிக்கியைச் சாத்தினேன். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும். எனக்கு அந்த வாடை வந்தாலே உன் உள்ளங்கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

நீ கோல்ஃபில் வேலை பார்த்ததை ஊர் கடைசி வரைக்கும் நம்பவே இல்லை. லீவில் வந்த உன்னை வல்லத்திராக்கோட்டைக் கடைத்தெருவில் நிறுத்தி, "எங்கப்பா இருக்க?" என்று கேட்பார்கள். "கோல்ஃப்ல இருக்கேன்" என்பாய். "அது தெரியும்யா, கல்ஃப்ல என்ன வேலை?" "கோல்ஃப்லதாங்க வேலை." கேட்டவர் என் பக்கம் திரும்பி, "இத்தன வருசம் இருந்தும் ஒங்க ஆளுக்கு அந்த நாட்டுப் பேரு சொல்ல வரல பாருங்க" என்பார். நீ விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தாய்.

பாலைவனத்தில் வளர்த்த புல்லை மெஷின் ஓட்டி வெட்டுவதுதான் உன் வேலை. வேலை முடிந்த பிறகு, ஆட வந்தவர்கள் கழித்துப் போட்ட கம்பை எடுத்து நீயாக அடித்துப் பழகினாய். ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது ஒற்றைக் கம்பும் ஒரு பை நிறையப் பழைய பந்துகளும் கொண்டுவந்தாய். நானும் சென்ட் பாட்டில் எதிர்பார்த்துத்தான் உன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

தண்ணீர் வற்றிய கண்மாய்தான் நம் மைதானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போவோம். உனக்குத்தான் என் குணம் தெரியுமே. எதையும் வரிசை வைத்துச் செய்தால்தான் எனக்கு நிம்மதி. யூடியூபில் பார்த்ததை மனப்பாடம் செய்துகொண்டு வருவேன். இடது முழங்கை மடங்கக்கூடாது, தலை ஆடக்கூடாது, இடுப்பு முதலில் திரும்ப வேண்டும். வாய்க்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே கம்பை வீசுவேன். கம்பு தரையைக் கொத்தும். செம்மண் தெறிக்கும். பந்து இருந்த இடத்திலேயே இருக்கும்.

"மச்சான், பந்த அடிக்கச் சொன்னா கெணறு வெட்டுற" என்று கரையில் உட்கார்ந்து சிரிப்பாய். "நீ கிளட்ச மிதிக்கிறப்ப, இந்தா மிதிக்கிறேன், இந்தா விடுறேன்னு நெனச்சுக்கிட்டா மிதிக்கிற?"

"கத்துக் குடுக்கிறப்ப அப்படித்தான்டா சொல்றேன்."

"அதான் ஒங்கிட்ட பழகுனவுக எல்லாம் புளியமரத்துல கொண்டுபோய் விடுறாக."

பந்தே வைக்காமல் கண்ணை மூடிக்கொண்டு வீசச் சொல்வாய். முழங்கையை மற, இடுப்பை மற, காற்றைக் கிழிக்கிற சத்தம் எங்கே வருகிறது என்று மட்டும் கேள் என்பாய். முதலில் அந்தச் சத்தம் என் தலைக்குப் பின்னால் கேட்டது. வாரங்கள் போகப் போக, கீழே, பந்து இருக்க வேண்டிய இடத்துக்கு இறங்கி வந்தது. வந்த அன்று, நான் ஒன்றும் செய்யாமலே பந்து எழும்பிப் போனது. கத்திவிட்டேன். நீயும் கத்தினாய். அன்றுதான் அதைச் சொன்னாய்.

"சைக்கிள் பழகுனப்ப, பின்னாடி பிடிச்சிருந்தவுக எப்பக் கைய விட்டாகன்னு ஒனக்குத் தெரிஞ்சுச்சா? இதும் அப்படித்தான் மச்சான். கம்பு கையில இருக்கறதே தெரியக்கூடாது."

எத்தனை அழகாகச் சொல்லிவிட்டாய், பாவி.

அதற்குப் பிறகு வந்த கோடையில், நீ முன்பு மெஷின் ஓட்டிய இடத்திலிருந்தே கூப்பிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அடிக்கச் சொல்லித்தரும் வேலை. புல் வெட்டுவது இல்லை. நீ அடிப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். பிடித்திருந்தால் விசா. உன் ஆயுசிலேயே நீ அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. கண்மாய்க்குப் போகும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். மாஸ்டர் ஆவி பறக்கக் கொடுத்த கிளாஸை நீ விளிம்பைப் பிடிக்காமல், உள்ளங்கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாய். "பாய், கை சுடலையா?" என்றார் அவர். "கல்ஃப் வெயில்ல வெந்த கைண்ணே, இதெல்லாம் எம்மாத்திரம்" என்றாய். மூவரும் சிரித்தோம்.

அன்று காற்றே இல்லை. கரைக்கு அந்தப் பக்கத்துத் தைல மரத் தோப்பில் ஒரு இலை அசையவில்லை. கருவேலம் புதருக்குள் போன பந்தை நீ கையை விட்டுத் துழாவி எடுத்து வந்தாய். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ வீசினாய். அடித்த சத்தம்கூட லேசாகத்தான் கேட்டது. பந்து மேலே போய், போய், கரையைத் தாண்டி எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. அதைப் போல் ஒரு அடியை நான் எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை.

நீ திரும்பினாய். முகம் முழுக்கச் சிரிப்பு. "மச்சான், கம்பு இருக்கறதே தெரியலடா! சத்தியமாத் தெரியல!"

நான் ஓடிவந்து உன்னைக் கட்டிப் பிடித்தேன். விலகும்போதுதான் பார்த்தேன், கைப்பிடியில் ரத்தம். உன் உள்ளங்கையில் ஒரு கருவேல முள் முழுசாக இறங்கியிருந்தது. அந்தக் கையால்தான் கம்பை இறுக்கி அடித்திருக்கிறாய். நான் முள்ளைப் பிடுங்கினேன். நீ கையைக் கொடுத்துவிட்டு, பந்து போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிடுங்கியது உனக்குத் தெரியவில்லை. "வலிக்கலையா?" என்றேன். "சந்தோசத்துல என்னத்தடா வலிக்கும்" என்றாய். எனக்கு அது சரியாகவே பட்டது. சந்தோஷமாகத்தானே இருந்தோம்.

வீடியோ பிடித்துப்போய் விசா வந்தது. மெடிக்கலில் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், எல்லாம் நன்றாக இருந்தது. திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான்தான் உன்னைக் கூட்டிப்போனேன். கீரனூர் தாண்டியதும் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாய். "மூடியக் கொஞ்சம் தெறந்து குடு மச்சான். என்னமோ பிடிபட மாட்டேங்குது." வண்டியை ஓரம் கட்டித் திறந்து கொடுத்தேன். அது ஏற்கெனவே திறந்த பாட்டில். மூடி சும்மா உட்கார்ந்திருந்தது. பின் சீட்டிலிருந்த தங்கச்சி, உன் மனைவி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தது. நான் கியர் போட்டு வண்டியை எடுத்தேன்.

அங்கே போய்ச் சில மாதத்தில், நீ வீசிக் காட்டும்போது கம்பு உன் கையை விட்டுப் பறந்து போய் விழுந்ததாகப் போனில் சொன்னாய். யார் மேலும் படவில்லையாம். "நல்லாத்தான் பிடிச்சிருந்தேன் மச்சான். பிடிச்சிருந்த மாதிரித்தான் இருந்துச்சு." அந்தப் பேச்சில் சிரிப்பு இல்லை. அடுத்த மாதம் அதே ஏர்போர்ட்டில் உன்னை சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். திருச்சியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்துத் தண்டுவடத்துக்குள் கட்டி என்றார். இந்த இடத்தில் வந்தால் முதலில் சூடும் வலியும்தான் தெரியாமல் போகும், மெதுவாக, ஆளுக்கே தெரியாமல் போகும் என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வேலை வாங்கிக் கொடுத்த அந்த அடியை அடித்தது நீயா, அந்தக் கட்டியா? இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

கடைசியில் ஒரு நாள், கட்டிலில் படுத்தபடி கம்பைக் கேட்டாய். தங்கச்சி எடுத்துவந்து கொடுத்தது. உன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நீ எனக்குச் சொல்லித்தந்தபடியே கைப்பிடியில் சுற்றி வைத்தேன். சரியாகத்தான் வைத்தேன். நீ முகட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாய்.

"வச்சிட்டியா மச்சான்?"

"வச்சிட்டேன்டா."

"வைக்கலையே" என்றாய்.

உன்னை மையவாடியில் அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு ரொம்ப நாள் அந்தக் கம்பை நான் தொடவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பவும் கண்மாய்க்குப் போகிறேன். வண்டி பழக வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் அதிகம் பேசுவதில்லை. காலுக்குத் தெரியும், விடுங்க என்கிறேன். அதை நீ சொல்லித்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் கண்மாய்க்குள் நின்று கம்பை எடுத்தால் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. பந்து தரையில் உருண்டு போனால் நிம்மதியாக இருக்கிறது. தரையைக் கொத்தி, மணிக்கட்டு அதிர்ந்து வலித்தால் இன்னும் நிம்மதி. நன்றாக அடித்துவிட்டால் பயம் வந்துவிடுகிறது.

போன ஞாயிறு அப்படித்தான் ஆனது. எதையும் நினைக்கவில்லை. காற்றைக் கிழித்த சத்தம் சரியான இடத்தில் கேட்டது. பந்து கரையைத் தாண்டிப் போய்விட்டது. கையில் கம்பு இருந்ததே தெரியவில்லை, மாப்ளே. நான் பந்தைப் பார்க்கவில்லை. கைகள் இரண்டையும் விரித்து வைத்துப் பார்த்தபடி நின்றேன். முள் எதுவும் இல்லை.

நேராக டீக்கடைக்குப் போனேன். மாஸ்டர் கொடுத்த கிளாஸை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்தேன். அவர் என்னையே பார்த்தார். "சார், கை சுடலையா?"

"சுடுதுங்க" என்றேன். வலது கை நன்றாகச் சுட்டது. பிறகு இடது கைக்கு மாற்றினேன். அது சுடுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் டீ ஆறியிருக்கும், மாப்ளே. அவ்வளவுதான்.