நகர்ந்துபோன நட்சத்திரம்

லா செரேனா,
18 மே 1990

நிபால்தோவுக்கு,

நலம்தானே? இதைக் கமிலாவின் பைக்குள் வைத்து அனுப்புகிறேன். தொலைபேசியில் பேசினால் நமக்குள் சண்டைதான் வரும்.

திங்கள் விடுமுறை என்பதால் மூன்று நாள் உன்னோடு இருப்பாள். போன முறை நீ மலையில் இரவு வேலை முடித்து இறங்கி வந்து பகலெல்லாம் தூங்கினாய். குழந்தை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். "அப்பா வீட்டுக்கு இனிமே போகலம்மா" என்கிறாள். ஏழு வயதுப் பெண்ணை எத்தனை நாள் இழுத்துப் பிடித்து அனுப்புவது? இந்த முறையும் அதையே சொன்னால் நான் வற்புறுத்த மாட்டேன். நீயும் அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது.

இருமல் மருந்து பையில் இருக்கிறது.

மரித்சா

---

விக்குன்யா,
21 மே, திங்கள் காலை

அன்புள்ள மரித்சா,

இப்படி எழுத எனக்கு இன்னும் உரிமை உண்டா, தெரியவில்லை. கை தானாக எழுதுகிறது.

சனிக்கிழமை பகலில் நான் தூங்கவே இல்லை. இருவரும் பூசணி அப்பம் சுட்டோம். பாதி கருகிவிட்டது. கருகியதைத்தான் கேட்டு வாங்கித் தின்றாள்.

நேற்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் படுத்தோம்.

"அப்பா, அது என்ன நட்சத்திரம்?"

பதினோரு வருடமாக மலைமேல் வானாய்வகத்தில் தொலைநோக்கியை ஓட்டுகிறேன். எனக்குத் தெரிந்தது எண்கள்தான். எண்ணைத் தட்டினால் அது திரும்பும். தென்சிலுவையைத் தவிர வானத்தில் எதற்கும் பெயர் தெரியாது. மானம் போய்விடுமே என்று, "அதுவா, சிரியஸ்" என்று அடித்துவிட்டேன். அந்த சிரியஸ் மெல்ல நகர்ந்து மலைக்குப் பின்னால் போய்விட்டது. செயற்கைக்கோள்!

வயிறு வலிக்கச் சிரித்தாள். "பொய்யி! உனக்குத் தெரியாது! அப்போ மேல போயி என்னதான் பண்ற?"

"நான் திருப்பி விடுவேன். பாக்குறது விஞ்ஞானிங்க."

"ஒரு தடவகூட நீ எட்டிப் பாக்கலையா?"

"வேல முடியிறப்போ விடிஞ்சிரும்டா."

அதன்பிறகு சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ. எனக்குப் பயமாக இருக்கிறது மரித்சா. நீ சொன்னபடி எதுவும் கேட்கவில்லை.

மருந்தை வேளைக்குக் கொடுத்தேன்.

நிபால்தோ

---

லா செரேனா,
24 மே

நிபால்தோ,

பேருந்திலிருந்து இறங்கியதுமே, "அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியலம்மா" என்றாள். கதை முடிந்தது என்று நினைத்தேன். உன்னை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் பள்ளி நூலகத்திலிருந்து வானப் படங்கள் போட்ட தடிப் புத்தகம் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேசை அன்றிலிருந்து எனக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம், "என்ன பண்றது, எங்கப்பாவுக்குச் சொல்லிக்குடுக்க வேற யாரும் இல்ல" என்று பெருமூச்சு விடுகிறாள்.

அடுத்த வெள்ளி ஓட்டுநரிடம் சொல்லி ஐந்து மணிப் பேருந்தில் ஏற்றி விடுகிறேன். நிறுத்தத்தில் வந்து நில். உன்னை ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன்: அதற்குள் நீ எதையும் படித்துத் தெரிந்துகொண்டு தொலைக்காதே.

மரித்சா