மூச்சு முட்டிய மோட்டார்

என் வீட்டு மகாராணிக்கு,

உன் புருஷன் எழுதுவது. நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி? பிள்ளைகள் படிக்கிறார்களா, படிப்பதுபோல் நடிக்கிறார்களா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. எங்கள் படகின் பின்னால் மாட்டியிருக்கும் மோட்டாருக்கு என் வயது இருக்கும். கிளம்பும்போது புலி மாதிரி உறுமும்; துறையைத் தாண்டியதும் இருமி இருமி நின்றுவிடும். பிளக்கை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழுவினேன். பெரிய டாக்டர்கள்கூட இத்தனை வைத்தியம் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலாளி வந்து, "எல்லாம் தெரியும்னுதானே வேலைக்குச் சேந்த? மதியத்துக்குள்ள ஓடலன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போய்யா" என்றார்.

"மோட்டார் என்கிட்ட பேசும் முதலாளி, கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

பேசவும் செய்தது. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தேன், உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் காற்று போக வைத்திருக்கும் குட்டித் திருகை எந்த மகானுபாவனோ இறுக்கிவிட்டான். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி வெளியே வரும்? உலகத்தில் வேறெவனும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டான்.

கண்டுபிடித்தும் திருகைத் தளர்த்தாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஓடாவிட்டால் ஊருக்குத்தானே அனுப்புவார்? அப்புறம் கூரை போடாமல் நிற்கும் நம் வீடு நினைவுக்கு வந்தது. தளர்த்திவிட்டேன். படகு பறந்த வேகத்தில் மீன்களே ஒதுங்கி வழிவிட்டன.

மோட்டார் துடைக்க உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. நீ கட்டியதாக இருக்கட்டும். துவைக்க வேண்டாம், எப்படியும் அழுக்காகத்தான் போகிறது.

படகு கிளம்புகிறது, ஓடுகிறேன்.

உன் புருஷன்