அடுப்படிப் பேச்சில் உன் எழுத்தைக் காணோம்

பழனிசெட்டிபட்டி
12.4.2010

அன்பு மகள் நதியாவுக்கு அம்மா எழுதுவது. வீரபாண்டி ஆத்தா காவலில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மும்பையில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வெயில் பங்குனியிலேயே கொளுத்துகிறது. அப்பா மார்க்கெட்டிலிருந்து வந்ததும் ஃபேனுக்குக் கீழே படுத்துவிடுகிறார், தக்காளிக்கு விலை இல்லையாம், அந்தப் புலம்பலையும் நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் உன் பேச்சை எடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். என் மகள் பத்திரிகை நடத்துகிறாள் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். எலுமிச்சை மண்டி முத்துவீரன், அண்ணே எந்தக் கடையில கெடைக்கும், ஒண்ணு வாங்கிப் பாக்குறேன் என்று கேட்க, கம்ப்யூட்டரில் வருவதை விளக்கத் தெரியாமல், அது பொம்பளைக படிக்கிறதுடா, ஒனக்கெதுக்கு என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

கல்யாணமாகிப் போன முதல் வருஷம் நம் ஆத்தா கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு வர முடியாமல் அந்த ஃபிளாட்டில் தனியாக அழுததைத்தானே நீ முதன்முதலில் பிளாக்கில் எழுதினாய். அதற்குக் கீழே துபாயிலும் டெல்லியிலும் இருக்கிற பெண்கள் எல்லாம் அவரவர் ஊர்த் திருவிழாவைச் சொல்லி அழ, அப்படிச் சேர்ந்ததுதான் உன் அடுப்படிப் பேச்சு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது ஜெனிபரின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படிப்பேன். போனில் உனக்கு நல்லாயிருக்கேன்மா என்ற ஒரே பேச்சுதான். நீ காய்ச்சலில் கிடந்ததும், மாப்பிள்ளையோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் படுத்ததும் அதில் படித்துத்தான் எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் நீ அடுத்த தெருவில் குடியிருக்கிற மாதிரி இருந்தது.

அது கம்பெனியாக ஆன பிறகு வீடியோ வருகிறது, சோப்பு விளம்பரம் வருகிறது, கண்ணுக்குக் கீழே கருவளையம் போக வழி சொல்கிறார்கள், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, உன் எழுத்தை மட்டும் காணோம். ஜெனிபரிடம் கேட்டால், அவுக இப்ப மொதலாளி, பெரியம்மா, ஆள் வச்சுல்ல எழுதுறாக என்கிறாள். மனசு கேட்காமல் போன வாரம் ஒரு குழம்புக் குறிப்புக்குக் கீழே, நதியா சாப்பிட்டாயா, ஏன் இப்போதெல்லாம் எழுதுவதில்லை என்று ஜெனிபரை டைப் அடிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில், அன்பான வாசகிக்கு நன்றி, தொடர்ந்து இணைந்திருங்கள் என்று உன் ஆபீசிலிருந்து பதில் வந்தது. ஜெனிபர் சிரித்தாள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன், அப்பாவிடம் சொல்லவில்லை.

நேற்று உன் ஆபீசிலிருந்து கிருபாவதி என்ற பெண் போன் செய்தாள். திருவிழா சிறப்புப் பகுதிக்கு இந்த வருஷம் நான் தீச்சட்டி எடுக்கப்போகிற போட்டோவும், அதைப் பற்றி அரைப் பக்கமும் வேண்டுமாம். மரியாதையாகத்தான் பேசினாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வேலை தலைக்கு மேல் இருப்பதால் நீ இந்த வருஷமும் வரமாட்டாய் என்பதை அவள் வாயால்தான் கேட்டேன். திருவிழாவைப் பற்றிப் போடுவதற்காகத் திருவிழாவுக்கு வராமல் இருக்கிற கூத்தை நான் எங்கே போய்ச் சொல்ல. யாருக்காக நேர்ந்தீங்கம்மா என்று கேட்டாள், வீட்டு விஷயம் என்று சொல்லிவிட்டேன். உன் கம்பெனி நிலைத்து நிற்க வேண்டும் என்றுதான் நேர்ந்துகொண்டேன். ஆத்தா நான் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டாள். பிள்ளையைக் கொஞ்சம் எனக்கும் மிச்சம் வை என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன், அரைப் பக்கம் மட்டும் என்னால் ஆகாது, நீ வந்து பக்கத்தில் நின்று பார்த்து எழுது. மாப்பிள்ளையை மிகவும் கேட்டதாகச் சொல். வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. ஆத்தா உங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக் காப்பாற்றட்டும். வரவே முடியாது என்றால் அந்தப் போட்டோவுக்குக் கீழே இரண்டு வரி நீயே எழுதிப் போடு, பேர்கூடப் போட வேண்டாம், நீ எழுதியது எனக்குத் தெரியும்.

உன்னைப் பார்க்க ஏங்கும் அம்மா,
பாண்டியம்மாள்