வேறு ஏதாவது எடுக்கிறீர்களா?

பொயிண்ட் குக், மெல்பேர்ண்
3 பெப்ரவரி 2025

என் செல்லப் பிள்ளை அனோஜினிக்கு,

இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் அக்காவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். போனில் கதைத்தால் சேகர் சித்தப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவார். வட்ஸ்அப்பும் அவர் கண்ணில் படும். அதனால்தான் தபால். நீயும் பதிலை நான் வேலை செய்யும் பேக்கரி விலாசத்துக்கே போடு. உன் அம்மாவுக்குச் சூலகத்தில் கான்சர் என்று அவருக்குத் தெரிந்தால் அவருடைய தங்கச்சிக்கும் தெரியும். அவளுடைய மகன் நிஷானுக்கு உன்னைக் கலியாணம் பேசுவது அதோடு நின்றுவிடும். தாய்க்கு வந்தால் மகளுக்கும் வரும் என்பார்கள்.

பார்சலில் மஞ்சள் கப்சூல் மூன்று போத்தல் இருக்கிறது. செபக் கூட்டத்தில் பேர்னாட் அங்கிள் எழும்பி நின்று சாட்சி சொன்னார். அவருடைய மனிசிக்கும் இதே வருத்தமாம். இதைக் குடித்துத்தான் சுகம் வந்ததாம். கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையில் இரண்டு, இரவு இரண்டு. டொக்டர்மாருக்குச் சொல்லாதே, நிப்பாட்டச் சொல்லுவார்கள்.

ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கவேண்டாம். யார் வந்தாலும் எங்கட சனமாகத்தான் இருக்கும். நீயே சொல்லு. உன்னுடைய இங்கிலிஷுக்கு என்ன குறை?

போன கடிதத்துக்கு ஒரு வரிகூடப் பதிலில்லை. கோபமோ?

அன்பு முத்தங்களுடன்,
மயூரா சின்னம்மா

*

வென்ட்வேர்த்வில், சிட்னி
17 மார்ச் 2025

அன்புள்ள சின்னம்மா,

கோபமில்லை, நேரமில்லை. பகல் முழுக்க கோல் சென்டரில் "அனா" என்ற பெயரில் முகம் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பின்னேரம் அம்மாவுக்குக் கஞ்சி. இரண்டாவது கீமோ முடிந்தது. தலைமயிர் போய்விட்டது. பூசைக்கு விக் போட்டுக்கொண்டு போனா. "நல்லா மயிர் வளந்திருக்கு, என்ன எண்ணெய் வைக்கிறனீங்கள்?" என்று ஒருவர் கேட்டாவாம். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

மொழிபெயர்ப்பாளர் நாங்கள் கேட்காமலே வந்தா. யார் தெரியுமோ? கோயில் பாட்டுக் குழுவில் இருக்கும் அஞ்சலீனா அன்ரி. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டா. நான் "தேவையில்லை, எனக்கு இங்கிலிஷ் தெரியும்" என்று அனுப்பிவிட்டேன். அன்ரி பையைத் தூக்கிக்கொண்டு போனா. காலிலோ கையிலோ நோய் வந்திருந்தால் சபையில் செபிக்கச் சொல்லிக் கேட்டிருப்போம். பெண்ணுக்கு மட்டுமுள்ள சூலகம் என்றபடியால் களவெடுத்த ஆட்களைப்போல ஒளிக்கிறோம். நிஷான் வீட்டாருக்குத் தேவை பெண்ணா, கறையான் அரிக்காத மரமா?

கப்சூலைப் பற்றித் தேடிப் பார்த்தேன். ஆய்வுகூடத் தட்டில் அது கான்சர் உயிர்க்கலங்களைக் கொன்றதாம். தட்டில் பிளீச் ஊற்றினாலும் அவை சாகும். இந்த நோயுள்ள பெண்களுக்குக் கொடுத்துச் சுகம் வந்ததாக ஒரு ஆய்வும் என் கண்ணில் படவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "என்ர தங்கச்சி எனக்கு நஞ்சு அனுப்புவாளோ?" என்கிறா. குடிக்கிறா.

அனோஜினி

*

பொயிண்ட் குக்
31 மார்ச் 2025

என் கோபக்காரப் பிள்ளைக்கு,

மஞ்சள் இல்லாத குசினி எங்கே இருக்கிறது? அது நஞ்சென்றால் நாங்கள் எல்லோரும் எப்போதோ செத்திருக்கவேண்டும். ஒரு வருடமாக வயிறு ஊதுகிறது என்று அக்கா சொல்லிக்கொண்டு திரிந்தபோது காஸ் என்றுதானே அனுப்பினார்கள்? படித்தவர்கள் எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்களோ?

அக்காவைப் பார்க்க வரக்கூட என்னால் முடியவில்லை. சித்தப்பாவுக்கு என்ன காரணம் சொல்வது? இங்கிருந்து நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான். அந்தப் போத்தலில் நானே வந்திருக்கிறேன் என்று நினை. இன்னும் இரண்டு அனுப்பியிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறாகக் கூட்டலாம் என்று பேர்னாட் அங்கிள் சொன்னார். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மேல் உயிரான
சின்னம்மா

*

வென்ட்வேர்த்வில்
22 ஏப்ரல் 2025

சின்னம்மா,

அம்மாவின் கண் மஞ்சள். தோலும் மஞ்சள். சிறுநீர் தேத்தண்ணி நிறம். இரத்தப் பரிசோதனையில் ஈரல் பழுதுபட்டிருப்பது தெரிந்து மூன்றாவது கீமோவுக்குப் பிறகு எல்லாவற்றையும் நிப்பாட்டிவிட்டார்கள். கான்சரைக் கொல்லும் மருந்து இப்போது அம்மாவுக்கு இல்லை, உங்கள் கப்சூலால்.

போத்தலை அம்மாவின் கைப்பையிலிருந்து நேர்ஸ்தான் எடுத்தா. பார்மசிஸ்ட் லேபிளை வாசித்துக் காட்டினார். இது கறிக்குப் போடும் மஞ்சள் இல்லை. பலமடங்கு செறிவாக்கிய சாரம். உடம்பு கூடுதலாக உறிஞ்சுவதற்கு மிளகுச் சாரம். அதோடு கிறீன் டீ சாரம். இப்படியானவை சிலருடைய ஈரலைத் தாக்கியிருக்கின்றனவாம். லேபிளில் "இயற்கை" என்று எழுதி ஒரு இலை கீறியிருக்கிறது. அலரி விதையும் இயற்கைதான், சின்னம்மா. ஊரில் அதை அரைத்துக் குடித்துச் செத்தவர்களை உங்களுக்குத் தெரியாதா?

பேர்னாட் அங்கிளின் மகள் டிலக்சியைப் பேஸ்புக்கில் பிடித்துக் கேட்டேன். அவளுடைய தாய்க்கு ஒப்பரேசனும் ஆறு கீமோவும் நடந்ததாம். கப்சூல் அதற்குப் பிறகுதானாம். சாட்சியில் மனிசன் அதைச் சொல்லவில்லை. பாதியை மறைத்துவிட்டுச் சொல்வதற்குப் பெயர் சாட்சியோ?

இப்படிப்பட்ட பாசம் எங்களுக்கு வேண்டாம். இனிப் பார்சல் வந்தால் திறக்காமல் திருப்பி அனுப்புவேன்.

அனோஜினி

*

பொயிண்ட் குக்
2 மே 2025

பிள்ளை அனோஜினிக்கு,

உன் கடிதத்தை மா மூட்டைகளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். ஒருவர் முகத்திலும் முழிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நானும் எழும்பி நின்றேன். "இந்தக் கப்சூலை நான்தான் அனுப்பினனான். என்ர அக்கான்ர ஈரல் பழுதாப்போச்சு. அவவுக்குச் சூலகத்தில கான்சர்" என்றேன். சித்தப்பா பக்கத்தில் இருந்தார். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டுத் தந்தார். "எனக்குச் சொல்லப் பயந்தனியோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். நிஷான் வீட்டாரிடமிருந்து இன்னும் சத்தமில்லை. போகட்டும்.

ஒன்றுதான் மனதை அரிக்கிறது. பேக்கரிக்குப் பக்கத்து மருந்துக்கடைப் பிள்ளை சொல்கிறது, கீமோ கொடுக்குமுன் வேறு ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்கவேண்டுமாம். அங்கே ஒருவரும் கேட்கவில்லையே! கேட்டிருந்தால் அக்கா மறைத்திருக்கமாட்டா. அவவுக்குப் பொய் சொல்லவே வராது. என் பிழைக்கு நான் தலைகுனிகிறேன். அவர்களுடைய பிழையை விடமாட்டேன். ஆஸ்பத்திரி மேல் முறைப்பாடு எழுதப் போகிறேன். எந்த நேர்ஸ், எந்தத் திகதி என்று எழுதி அனுப்பு.

மன்னிப்புக் கேட்கத் தகுதியில்லாத
சின்னம்மா

*

வென்ட்வேர்த்வில்
12 மே 2025

அன்புள்ள சின்னம்மா,

முறைப்பாடு எழுதவேண்டாம். கேட்டார்கள். மூன்று கீமோவுக்கும் மூன்று தரம் கேட்டார்கள். "மூலிகை, விற்றமின், வேறு ஏதாவது?" என்று சொல்லிச் சொல்லிக் கேட்டார்கள். மூன்று தரமும் "இல்லை" என்றது நான்.

முதல் தரம் நான் அம்மாவிடம் கேட்கவே இல்லை. நேர்ஸுக்கு என் வயதுதான் இருக்கும். என்னுடைய இங்கிலிஷைப் பாராட்டினா. அவ எங்களைச் செபக் கூட்டத்தில் மருந்து வாங்கும் சனம் என்று நினைத்துவிடக்கூடாது என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மூன்றாம் தரம் அம்மாவுக்கே கேள்வி விளங்கியது. "கப்சூல் எண்டு சொல்லு பிள்ளை" என்று போத்தலைப் பையிலிருந்து எடுத்தா. நேர்ஸ் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் அம்மாவின் கையைப் பிடித்துப் போத்தலைத் திரும்பப் பைக்குள் தள்ளினேன். அது பயனில்லாதது என்று உங்களுக்கு எழுதிய அதே நான். ஈரலைத் தின்னும் என்று அப்போது தெரியாது. தெரியாதென்றால் சொல்லியிருக்கவேண்டும். அதற்குத்தானே கேட்கிறார்கள். பேர்னாட் அங்கிளைப் பற்றி உங்களுக்கு எழுதும்போதும் இது எனக்குத் தெரியும்.

போன வியாழக்கிழமை நானே அஞ்சலீனா அன்ரியைக் கூப்பிடச் சொன்னேன். அன்ரி பழசை ஒன்றும் காட்டவில்லை, கதிரையை இழுத்து அம்மாவுக்குக் கிட்டப் போட்டா. டொக்டர் கோபப்படாமல்தான் கேட்டார், ஏன் முதலே சொல்லவில்லை என்று. அன்ரி அதைத் தமிழில் சொன்னா. அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் ஒளிச்சனான். பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

பொய் சொல்ல வராத உங்கள் அக்கா சொன்னது. அன்ரி ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அதை இங்கிலிஷில் சொன்னா. டொக்டர் எழுதிக்கொண்டார். நான் இரண்டு பாஷையிலும் கேட்டேன். இரண்டிலும் வாய் திறக்கவில்லை.

ஈரல் மெல்லத் தேறுகிறது. அடுத்த திங்கள் கீமோ தொடங்குகிறது, அளவைக் குறைத்து. இடையில் போன நாட்களில் கான்சர் என்ன செய்தது என்று ஸ்கானுக்குப் பிறகுதான் தெரியும்.

சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அம்மா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே இருக்கிறா. திங்கட்கிழமை அந்த நேர்ஸ் திரும்பவும் கேட்பா. அதற்கு அம்மாவே அன்ரி மூலம் பதில் சொல்லட்டும். அதற்கு முன் டொக்டரிடம் நான் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. சொல்லும்போது பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். சொல்லாமல் விட்டேனென்றால் உங்கள் முறைப்பாட்டில் என் பெயரை எழுதுங்கள்.

உங்கள்
அனோஜினி