கோயிலுக்குப் பின்னால் ஒரு மேல் வீடு

ஜனவரி 6, திங்கள்

விடியலிலிருந்து மழை. துணி காயவில்லை. எங்கள் பிள்ளை கவிக்கு ஆறாம் வகுப்பு பண்டாரவளையில். பள்ளிக்கூடம் திறக்குமுன் அங்கே வீடு பிடித்தாக வேண்டும். இவருக்கும் மரக்கறிக் கடை வேலை அங்கேதான்.

இதுவரை விசாரித்தது:
சந்தைப் பக்கம் – முப்பதாயிரம். அடேயப்பா.
ரயில் பாதைக்கு மேலே – பதினெட்டு. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
பள்ளத்தில் – பதினைந்து. சுவரெல்லாம் ஈரம். கவிக்கு இழுப்பு. வேண்டாம்.

தோட்டத்து லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சரசுவும் ப.வளையில்தான் தேடுகிறாள். அவள் மகளுக்கும் அதே பள்ளிக்கூடம். புருஷன் கட்டாரில். புது ஃபோன், காலுக்குப் புதுச் சப்பாத்து, இனிப் புது வீடு. வயிறு எரிகிறது. இங்கே எழுதினால் யாருக்கென்ன.

ஜன. 8, புதன்

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைக்காம்பராவில் என்னிடம் விட்டுப்போன குழந்தைகள் எல்லாருக்கும் சளி.

சாயங்காலம் அரிசி களையும்போது சரசு ஃபோனில். இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரைவரை போகாது. அவள் தாளித்தால் எனக்குத் தும்மல்.

"கோயிலுக்குப் பின்னால மேல் வீடுங்களா டீச்சர்? வெயில் வருமா? ஈரம் இருக்கக் கூடாதுங்க, புள்ளைக்கு இழுப்பு. இருவதாயிரமா? சரிங்க, சனிக்கிழம வந்து பாக்குறேன்."

அவள் மகளுக்கு எங்கே இழுப்பு? வீடு பிடிக்க எப்படியெல்லாம் பொய்! அவளுக்கு மட்டும் எல்லாம் அமையும். எனக்குப் பள்ளம்.

இவரிடம் மெதுவாகச் சொன்னேன்: "அவ சனிக்கிழமதான் போறா. நான் நாளைக்கே போயி அந்த மேல் வீட்டப் புடிச்சிர்றேன்."

"ஒனக்கு வெக்கமா இல்ல?"

"அவ பேருல எழுதியா வச்சிருக்கு?"

சோறு குழைந்துவிட்டது.

ஜன. 9, வியாழன்

லீவு. முதல் பஸ். பதுளையில் இறங்கி ப.வளை பஸ். கோயிலுக்குப் பின்னால் விசாரித்துப் போனேன். ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து டீச்சர். மேல் வீட்டு ஜன்னலில் வெயில். காய்ந்த சுவர். சமைக்கிற குசினிக்குள்ளேயே குழாய்! கீழேயும் ஒரு வீடு காலி, அங்கே ஈர வாடை.

"சனிக்கிழமை வாறனெண்டு ஒரு பிள்ளை சொன்னது. ஆனா ஆர் முதல் அட்வான்ஸ் தாறியளோ, அவைக்குத்தான்."

சீட்டுக் காசைக் கொடுத்துவிட்டேன். வரும் வழியெல்லாம் சிரிப்பு. சனிக்கிழமை சரசு படியேறிப் போய் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்குவதை நினைத்து நினைத்து.

ஜன. 10, வெள்ளி

மழை விட்டது. பைப்படியில் சரசு நின்றாள். குடத்தை வைத்துவிட்டு வேறு வேலை இருப்பதுபோல் வந்துவிட்டேன்.

விளக்குப் போட்ட நேரம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து:

"அக்கா, மேல் வீடு புடிச்சிருந்துச்சா?"

சட்டியை இறக்கிவைத்தேன்.

"எந்த மேல் வீடு?"

"டீச்சர் வீடுதான். அன்னைக்கு அண்ணங்கிட்ட சொன்னீங்களே. இங்க கேக்காமலா இருக்கும்?"

இத்தனை வருஷம் ஒட்டுக்கேட்ட எனக்கு, அந்தப் பக்கமும் காது இருப்பது தோன்றவேயில்லை.

"அதுக்கென்னக்கா. நம்ம கவிக்கு இழுப்புன்னுதான் மேல் வீட்டப் பத்திக் கேட்டேன். கீழ் வீடு எங்களுக்கு. நேருல பாத்துட்டு ஒங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

இவர் என்னைப் பார்க்காமல் சட்டையை மடித்தார்.

ஃபோனுக்கு வயிறு எரிந்தேன். சப்பாத்துக்கு எரிந்தேன். இப்போது அவள் மனசுக்கும் எரிகிறேன். பாவி, இதிலுமா என்னை முந்த வேண்டும்?