தலைக்கட்டும் ஆள்கணக்கும்

அன்பு மகன் ஆனந்தராஜுக்கு,

நானும் நம் இரண்டு ஆடுகளும் இங்கே சௌக்கியம், பஹ்ரைனில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்ல சுகத்தோடு இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், கடிதம் என்றால் முழுதாகப் படித்துத்தானே ஆகவேண்டும்.

ஊரில் ஒரே பேச்சு, நாம் டவுனாகப் போகிறோமாம். ஏதோ வளர்ச்சித் திட்டச் சட்டத்தில் நம் ஊரையும் பக்கத்து இரண்டு ஊரையும் கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து பிரித்துப் புது நகரமாக்குவார்களாம். அதற்கு ஐயாயிரம் பேராவது இருக்கவேண்டும், முக்கால்வாசி ஆண்கள் விவசாயம் பார்க்காதவர்களாக இருக்கவேண்டும் என்று விதி. கடல்தொழிலும் விவசாயம்தான் என்று ஓர் அதிகாரி சொல்ல, "கடல்ல எவன் சார் நாத்து நட்டான்?" என்று நம் ஊர்த்தலைவர், நாட்டார் சுப்பையன் பெரியப்பா கேட்டாரே பார்க்கலாம், அந்த மனிதர் மேலே கேட்டுச் சொல்வதாகப் போய்விட்டார். எனக்கு இதில் ஒரே ஆசைதான், டவுனானால் மீன் விற்கும் இடத்துக்குக் கூரை போடுவார்களாம். வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து நானே கருவாடாகிவிட்டேன்.

காரியத்தைக் கெடுத்ததும் அதே பெரியப்பாதான். உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று ஆபீசில் கேட்டதற்கு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊர் வரி கட்டும் தலைக்கட்டைச் சொல்லியிருக்கிறார், எழுநூறு என்று. கல்யாணமான ஆம்பளைதான் தலைக்கட்டு, அதில் பெண்டுபிள்ளைகள் ஏது, புருஷன் போன நான் ஏது? மற்ற இரண்டு நாட்டார்களும் அப்படியே சொல்லிவைக்க, டவுனுக்கு ஆள் போதாது என்று முடித்துவிட்டார்கள். நான் விடுவேனா, மீன்கூடையோடு ஊர்க்கூட்டத்துக்குள் நுழைந்து, "ஏன் மச்சான், எங்க அக்காவும் ஒங்க அஞ்சு பொண்ணுங்களும் மனுசங்க இல்லையா?" என்று கேட்டேன். அன்றைக்குப் பெரியம்மா வீட்டில் உலையே வைக்கவில்லை என்று கேள்வி. மறுநாள் அவரே ஆபீசுக்குப் போய் எல்லாரையும் எண்ணச் சொல்லி எழுதிக்கொடுத்து, வீடுவீடாக எண்ண ஆள் வந்தது.

நம் வீட்டுக்கு வந்தது சிவப்ரியா என்று ஒரு பெண். குடும்பத் தலைவர் யார் என்றாள், நான்தான் என்றேன், மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இந்த ஊரில் என்னை ஓர் ஆளாக யாரும் எண்ணியதில்லை ராஜா, மனசு நிறைந்துபோனது. வீட்டில் எத்தனை பேர் என்றாள், இரண்டு என்றேன். வெளிநாட்டில் இருப்பவரைச் சேர்க்கக்கூடாது, விதி அப்படி என்றாள். "அவன் தட்டு இங்கதாம்மா இருக்கு, சட்டையெல்லாம் கொடியிலதான் கெடக்கு" என்று மன்றாடினேன், பாவம் அவளும் என்ன செய்வாள், ஒன்று என்று எழுதிவிட்டுப் போனாள்.

ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டோம், கடல் வேறு வயல் வேறு என்றும் ஒத்துக்கொண்டார்கள், டவுன் நிச்சயம் என்று தெருவில் வெடி போட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன், உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அடுத்து எண்ண வரும்போது இரண்டு என்று நான் சொல்லவேண்டும், அது பொய்யாக இருக்கக்கூடாது.

மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள். நான் கொடுத்தனுப்பிய சளி மருந்து தீர்ந்ததா என்று மறக்காமல் சொல்.

இப்படிக்கு,
இந்த வீட்டுக் குடும்பத் தலைவர்,
உன் அம்மா எழில்மதி