பிளாஸ்திரிக்கு அடியில் இருந்த முள்

எப்போதும் வலது பக்கமே உட்கார்ந்து பழகிய என் அத்தானுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீங்கள் இருக்கிற இடத்தில் ஷிஃப்ட் கிடையாது, சைரன் கிடையாது, என் வாயும் கிடையாது. நலமாகத்தான் இருப்பீர்கள். இங்கே நான் நலம். நம் பச்சைத் தவளையும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை அது நம் கையை விட்டுப் போயிருக்க வேண்டியது. போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் உயிரோடு இருந்தபோது நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ளாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது.

படிக்கிறவர்களுக்குத் தவளை யாரென்று தெரியாதல்லவா? எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கம் தொடங்கிய காலத்தில் வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன இரண்டு பேர் கார் அது. வேகமாக ஓடுவதற்கென்றே செய்தது. கான்வாஸ் கூரை, முகத்தில் துருத்திக்கொண்டு இரண்டு விளக்கு. தார்ப்பாய்க்குள் கிடந்து, கோழி முட்டையிடுகிற இடமாகிப் போயிருந்ததை நீங்கள் வாங்கி வந்தீர்கள். நான் கேட்டது ஃப்ரிட்ஜ். நீங்கள் கொண்டுவந்தது தவளை.

பிளாக்கில் இருந்த அத்தனை பேரும் வந்து பார்த்தார்கள். இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு குடும்பம் எப்படிப் போகும் என்று ஒருத்தி கேட்டாள். நமக்குப் பிள்ளை இல்லையென்று தெரிந்தேதான் கேட்டாள். நீங்கள் விளக்கைத் துடைத்துக்கொண்டே, "எங்களுக்கு ரெண்டு சீட்டு போதும்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக ஃப்ரிட்ஜை மன்னித்தேன்.

உங்கள் வேலையையும் சொல்ல வேண்டும். அனல் மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷன். எந்த மீட்டர் பொய் சொன்னாலும் கூப்பிடுவது உங்களைத்தான். ஒரு மீட்டரைச் சரிசெய்தால் அதன் மேல் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுவது உங்கள் செக்‌ஷன் வழக்கம். அதில் மூன்று வரி. பிழை கண்டவர், சரிசெய்தவர், மறு சோதனை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. சுவர்க் கடிகாரம், ரேடியோ, என் தையல் மெஷின் எல்லாவற்றிலும் சீட்டு. எல்லாச் சீட்டிலும் பிழை கண்டவர் சண்முகம், சரிசெய்தவரும் சண்முகம். தையல் மெஷின் நூலை அறுக்கிறது என்று முதலில் சொன்னது நான். சீட்டில் என் பெயர் இல்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. சொல்லவில்லை.

தவளையின் பெட்ரோல் முள் அதன் ஊரிலிருந்தே கோணல். நீங்கள் அதைக் கழற்றி, டாங்கைக் காலி செய்து, லிட்டர் லிட்டராக ஊற்றி, முள் நின்ற இடத்திலெல்லாம் புதிதாகக் கோடு போட்டீர்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடக்கூட வரவில்லை. செய்த இடம் நம் குவார்ட்டர்ஸ் வாசல். பின்சக்கரம் இரண்டும் வாய்க்காலின் மேல் போட்ட சிமென்ட் பலகையில், முன்சக்கரம் கீழே மண்ணில். வண்டி எப்போதும் நிற்கிற இடம் அதுதான்.

அதற்கடுத்த வாரம் திருவதிகைக் கோயிலுக்குப் போய்த் திரும்பினோம். நல்ல உச்சி வெயிலில், காடாம்புலியூர் முந்திரித் தோப்பு ஓரத்தில் வண்டி நின்றுவிட்டது. முள் கால் டாங்க் காட்டியது. ஆகவே பெட்ரோல் இருக்கிறது, கோளாறு வேறெங்கோ என்று முடிவு செய்தீர்கள். கார்புரேட்டரைப் பிரித்தீர்கள். பிளக்கைத் துடைத்தீர்கள். என் பட்டுப் புடவை முந்தானையில் நட்டும் போல்ட்டும் பரப்பி வைத்திருந்தீர்கள். நான் பேசாமல் ஒரு முந்திரிக் குச்சியை ஒடித்து டாங்குக்குள் விட்டு எடுத்தேன். காய்ந்தே வந்தது.

குச்சியை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டும், "மீட்டர் கால் டாங்க் காட்டுதே, கனகம்" என்றீர்களே அத்தான்! அதைவிடப் பெரிய நம்பிக்கையை நான் எந்தச் சாமி சந்நிதியிலும் பார்த்ததில்லை.

கேனை எடுத்துக்கொண்டு நீங்கள் நடந்தீர்கள். நான் தோப்பில் உட்கார்ந்து யோசித்தேன். வீட்டுக்கு வந்து, வண்டியைப் பலகை மேல் ஏற்றி நிறுத்தியதுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. நம் டாங்க் தாம்பாளம் மாதிரி தட்டையானது. பின்பக்கம் மேடாக இருந்தால் பெட்ரோல் முன்னால் ஓடிவிடும், பின்னால் இருந்து முள்ளை அசைக்கிற மிதவை தாழ்ந்து நிற்கும். அந்தத் தாழ்வைப் பார்த்து நீங்கள் கோடு போட்டுவிட்டீர்கள். சமமான ரோட்டில் மிதவை மேலே வந்துவிடும். இல்லாத பெட்ரோலை இருக்கிறது என்று முள் சொல்லும்.

"பாய்லர் நகராது அத்தான், கார் நகரும். நிக்கிற இடத்திலேயே வெச்சு அளந்துட்டீங்க" என்றேன்.

வேறு யாருக்கும் வராத தப்பு அது. வாழ்நாள் முழுக்க இருந்த இடத்தை விட்டு அசையாத டாங்குகளை அளந்தவருக்குத்தான் வரும். ஆனால் நான் அதைச் சொன்னபோது பக்கத்தில் உங்கள் செக்‌ஷன் ஆட்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சிரித்துவிட்டார்கள். மூன்று நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினீர்கள். ஆனால் முள்ளைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கும் வீம்புக்குக் குறைச்சலா? ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒரு துண்டு எடுத்து அந்த மீட்டரின் மேல் ஒட்டினேன். பொய் சொல்கிற வாய் மூடியிருக்கட்டும் என்றேன். நீங்கள் பார்த்தீர்கள், பிய்க்கவில்லை.

அதன் பிறகு டவுன்ஷிப்பின் அகலமான ரோடுகளில் எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தீர்கள். நான் முள்ளை நம்பாமல் என் கணக்கிலேயே ஓட்டினேன். டாங்க் வாய் வரைக்கும் நிரப்புவேன், ஓடின தூரத்தைப் பார்ப்பேன், மறுபடி நிரப்பும்போது எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பேன். டவுன்ஷிப்புக்குள் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர். வெளி ரோட்டில், காலைக் குளிர்ச்சியில், என் கால் மிதிக்கிற மிதிக்குப் பதினொன்று. உங்கள் காலுக்கு அவ்வளவு வராது. நீங்கள் மிதித்தால் எட்டு.

ஒரு தடவை அம்மா வீட்டுக்குத் தென்காசி போய்த் திரும்பி வந்தபோது பிளாஸ்திரி புதிதாக இருந்தது. பழசு அழுக்காகிவிட்டது, மாற்றினேன் என்றீர்கள். என் வீம்புக்கு இவ்வளவு மரியாதையா என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். அந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

மாரடைப்பு வந்து நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. உங்கள் வேலைக்குப் பதிலாக எனக்கு ஸ்டோர்ஸில் வேலை கொடுத்தார்கள். இப்போது நானும் பர்மனென்ட். குவார்ட்டர்ஸும் தங்கியது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எதிலும் புத்தி ஓடவில்லை. காரின் ஆர்.சி. புக்கை உங்கள் தம்பி செல்லத்துரை பெயருக்கு மாற்றச் சம்மதித்துவிட்டேன். சட்டப்படி தவளை அவருடையது. ஓட்டுவது மட்டும் நான்.

செல்லத்துரை கெட்டவர் இல்லை. பயந்தவர். காரை விற்றுவிடலாம் என்று ஆறு மாதமாக நச்சரிப்பு. பெட்ரோல் குடிக்கிறது, மீட்டர் வேலை செய்யவில்லை, எங்காவது நடுரோட்டில் தனியாக நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரே பல்லவி. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கையோடு ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். காடாம்புலியூர் முந்திரி வியாபாரி, மகன் கல்யாணத்துக்கு இந்தக் காரில் ஊர்வலம் விட ஆசைப்பட்டாராம்.

யோசித்துப் பாருங்கள், அத்தான். வீட்டில் உங்கள் சட்டை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. ஆனால் நீங்கள் பக்கத்தில் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுவது அந்தக் காரில் உட்காரும்போது மட்டும்தான். அழுதால் பாவம் என்பார்கள், ஆனாலும் விற்றுவிடுவார்கள். அதனால் அழவில்லை. ஒரு பந்தயம் பேசினேன்.

டாங்கை ஒட்ட ஓட்டிக் காலி செய்வோம். இரண்டே லிட்டர் ஊற்றுங்கள். இங்கிருந்து இருபத்தொரு கிலோமீட்டரில், பண்ருட்டி ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிற பெட்ரோல் பங்கில் கொண்டுபோய் நிறுத்துகிறேன். ஒரு கஜம் முன்னால் நின்றாலும் காரை விற்றுவிடுங்கள். போய்ச் சேர்ந்தால் ஆர்.சி. புக் என் பெயருக்கு மாற வேண்டும். செல்லத்துரை வியாபாரியைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

செல்லத்துரை என் இடது பக்கம் உட்கார்ந்தார். வியாபாரி மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார், கையில் காலிக் கேன் வேறு. நான் ஒரே சீராக ஓட்டினேன். பிரேக்கில் கால் வைக்காமல், முன்னால் போகிற பஸ்ஸை முந்தாமல், பலாப்பழ வண்டிகளுக்குப் பின்னால் பொறுமையாக. முந்திரித் தோப்பு வந்தபோது உங்களை நினைத்துச் சிரிப்பு வந்தது. எல்லாம் என் கணக்குப்படியே நடந்தது.

ஒன்றை மறந்துபோனேன். ரயில்வே கேட் சாத்தியிருந்தது.

என் கணக்கில் நிற்கிற நேரம் கிடையாது. பங்க் கேட்டுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரிகிறது. நின்ற இடத்தில் எஞ்சின் குடிக்கிறது. அணைத்துவிட்டால், சூடான தவளை மறுபடி கிளம்புவதற்குள் இரண்டு மடங்கு குடிக்கும், கிளம்பாமலும் போகும். இரண்டில் எது சரி? முதன்முதலாக எனக்குத் தெரியவில்லை.

"எவ்வளவு இருக்குன்னு பாப்போம் மதினி" என்று சொல்லி, செல்லத்துரை நகத்தால் பிளாஸ்திரியைப் பிய்த்தார். வேண்டாம், அது பொய் சொல்லும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உரித்துவிட்டார்.

உள்ளே இருந்தது பழைய முகம் இல்லை. புதிதாக வெட்டி ஒட்டிய வெள்ளைத் தாள். அதில் உங்கள் ஊசிக் கையெழுத்தில் "சமதரை" என்று எழுதி, நெருக்க நெருக்கமாகப் புதுக் கோடுகள். கீழே ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் "இதுவரை ஓடும்". அதற்கும் கீழே கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டுச் சீட்டு.

செல்லத்துரை குனிந்து அதை வாய்விட்டுப் படித்தார். "பிழை கண்டவர், கனகம். சரிசெய்தவர், சண்முகம்."

என் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண் மறைத்துவிட்டது. நான் தென்காசியில் இருந்த அந்த வாரம் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முதலிலிருந்து எல்லாவற்றையும் அளந்திருக்கிறீர்கள். என் பெயரை எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு, என் பிளாஸ்திரியாலேயே மூடியும் வைத்துவிட்டீர்கள். ஏன் அத்தான்? நானே ஒரு நாள் பிய்த்துப் பார்ப்பேன் என்று காத்திருந்தீர்களா? இத்தனை வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் பார்த்திருக்கலாமே.

முள் சிவப்புக் கோட்டுக்கு மேலே முடியளவு தள்ளி நின்றது. எஞ்சினை அணைக்கட்டுமா என்று செல்லத்துரை கேட்டார்.

"வேண்டாம் தம்பி. உங்க அண்ணன் ஓடும்னு எழுதியிருக்காங்க" என்றேன்.

ரயில் போயிற்று. கேட் திறந்தது. தண்டவாளத்தில் குலுங்கி ஏறி இறங்கி, பங்க் வாசலில் வண்டியைத் திருப்பும்போது எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. ஓடி வந்த வேகத்திலேயே உருண்டு போய்ப் பெட்ரோல் பம்புக்கு நேரே நின்றது. மீட்டரைப் பார்த்தேன். முள் மிகச் சரியாகச் சிவப்புக் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தது.

வியாபாரி கேனை மோட்டார் சைக்கிளில் மாட்டிவிட்டு, மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். "சொன்ன எடத்துக்கு ஓட்டிக்கினு வந்து நிறுத்திட்டீங்க. எனக்கு வேணாங்கம்மா இந்த வண்டி. இது உங்க ரெண்டு பேரு பேச்சத்தான் கேக்கும்" என்றார். உங்கள் ரெண்டு பேர் என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. செல்லத்துரை மறுநாளே ஆர்.சி. புக்கைக் கொண்டுவந்து கொடுத்து, பெயர் மாற்றக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இப்போது என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தப்பை வாய்விட்டுச் சொல்ல வராது, கையால் சரிசெய்யத்தான் வரும். அது கூடத் தெரியாமல் நான், நீங்கள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை என்று பிளாக் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நான் சொன்னது தப்பு என்று அவர்களிடமே திருப்பிச் சொல்லும் வேலை இந்தக் கடிதத்தோடு முடிந்தது.

சீட்டில் மூன்றாம் வரியை நீங்கள் காலியாக விட்டிருந்தீர்கள். மறு சோதனை. கடிகாரத்தில் நிரப்பியிருக்கிறீர்கள், தையல் மெஷினில் நிரப்பியிருக்கிறீர்கள், இதில் மட்டும் இல்லை. நேற்று உங்கள் பேனாவை எடுத்து நானே நிரப்பினேன். "கனகம், வருடா வருடம்" என்று எழுதியிருக்கிறேன். வண்டியைப் பலகையிலிருந்து இறக்கி, சமதரையில் நிறுத்தி, லிட்டர் லிட்டராக ஊற்றி, உங்கள் கோடுகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பேன். என் கைக்கு வலு இருக்கிற வரைக்கும் விடமாட்டேன். இனி அந்த மீட்டரின் மேல் எதையும் ஒட்டவும் மாட்டேன். சத்தியம்.

இப்போது வலது பக்கம் உட்காரும்,
உங்கள் மாமன் மகள்,
பிழை கண்ட கனகம்